சோப்புப் படாத தட்டு

“தட்டைச் சோப்புப் போட்டா கழுவுன?”

“அழுக்காக் கெடந்துச்சு லாத்தா, நான்—”

“ஒட்டுன சோப்பே முட்டையப் பிரிய விடாதுடீ.”

“சோறு தின்ன தட்டைச் சும்மா அலசுனா மட்டும் ஏசுறே.”

மீமிசல் கரையோர அறையில் ஆய்வு மாணவி நுஸைபாவும் அவளை லாத்தா என்றழைக்கும் தங்கை பாசிலாவும் ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து பேசுகிறார்கள். கடற்பாசியில் எடுத்த மருந்து கடல் முள்ளெலி என்னும் முள்ளுருண்டைக் கடலுயிரியின் கருவுற்ற முட்டை இரண்டாகப் பிரிவதைத் தடுக்குமா என்று பார்க்க வேண்டும்; தடுத்தால், செல்கள் ஓயாமல் பிரிந்து பெருகும் புற்றுநோய்க்கும் முயன்று பார்க்கலாம். ஆனால் காலையில் மருந்து படாத முட்டைகளே பிரியவில்லை. இந்தப் பருவத்துக்கு மிஞ்சிய கடைசி முட்டைகளை, கடல்நீரில் மட்டும் அலசிய இரண்டு தட்டுகளில் நுஸைபா இப்போது விட்டிருக்கிறாள். ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் கடல்நீர். வெறும் நீர்த் தட்டுதான் முதலில் நுண்ணோக்கியின் கீழே இருக்கிறது. ஜன்னல் வெயில் அதன் சிறு கண்ணாடியில் பட்டு அவள் கன்னத்தில் நடுங்குகிறது. வெளியே மீன் ஏலக்குரல் ஏறி இறங்குகிறது. பாசிலா காய்ந்துவிட்ட கையைத் துப்பட்டாவில் இன்னும் துடைத்துக்கொண்டிருக்கிறாள். நுஸைபாவின் விரல் திருகிலேயே நிற்கிறது. உருண்டை முட்டையின் நடுவே மெல்லிய கோடு விழுகிறது, ஆழமாகிறது, ஒன்று இரண்டாகிறது. அவள் நகர்ந்து தங்கைக்கு இடம் விடுகிறாள். பாசிலா ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்க்கிறாள்.

“அப்ப மருந்து விட்டது பிரியாம முழுசா இருக்கணும்ல லாத்தா, அத எடுத்து வைக்கவா?”