ஒத்தை டிக்கெட்

"வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிட்டீகளாம்மா?" முத்திருளன் மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

"சொல்லலண்ணே. சொன்னா வேண்டாம்பாக" என்றாள் நாகஜோதி. மாஸ்க்குக்கு மேலே தெரிந்த அவள் கண்கள் சுவர்க் கடிகாரத்தை விட்டு அகலவில்லை.

கொரோனாவால் ஒன்றரை வருஷம் பூட்டிக் கிடந்த முத்திருளனின் டிராவல்ஸ், பழங்காநத்தத்தில் மறுபடி திறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. முதல் பெரிய புக்கிங் இவளுடையது. கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்கு ஐந்து நாள் பயணம், நாற்பது பேர் மட்டும் போகிற சின்னக் கப்பல், அதில் ஒரே ஒரு டிக்கெட்.

நாளைக் காலையில் கப்பல் கிளம்புகிறது. இன்று நாலு மணிக்குள் கொரோனா ரிப்போர்ட் போய்ச் சேராவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். மணி இரண்டே முக்கால். கே.கே. நகர் லேபிலிருந்து இன்னும் தகவல் இல்லை. கொச்சிக்குப் போக வேண்டிய கார் வாசலில் நின்றது.

புக்கிங் செய்த அன்றே அவருக்கு ஏதோ இடித்தது. தீவுப் படங்களைக் காட்டினார். அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதே கட்டணத்தில் மேல்தளத்தில் கடல் பார்த்த அறை இருக்கிறது என்று சொல்லியும், கீழ்த்தளத்தில் சமையல்கட்டை ஒட்டிய அறைதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள்.

"அனலடிக்கும்மா. பாத்திரச் சத்தத்துல தூங்க முடியாது."

"பரவால்லண்ணே."

யார் கண்ணிலும் படாமல் இருக்கப் பார்க்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அவள் செல்போன் அடித்தது. ஒரு கையால் வாயை மறைத்துக்கொண்டு மூலைக்குப் போனாள். "வீட்டுலதாங்க இருக்கேன்... மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருக்கேன்... ஹாரன் சத்தமா? அது டிவிங்க."

"யாரும்மா?" என்றார் முத்திருளன்.

"அவுகதாண்ணே."

கட்டினவனிடம் இப்படிக் கூசாமல் பொய் சொல்கிறவள் யாரை நம்பிக் கப்பல் ஏறுகிறாள்? நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் போலீஸ் முதலில் வந்து நிற்பது இந்த வாசலில்தான்.

"டீ சொல்லிட்டு வாரேன்" என்று வெளியே வந்தார். விண்ணப்பத்தில் அவசரத் தொடர்புக்கு என்று அவள் எழுதியிருந்த எண்ணுக்குப் போட்டார். நல்லகாமன், மாமனார், செக்கானூரணி.

"ஐயா, உங்க மருமக பழங்காநத்தத்துல எங்க ஆபீஸ்ல இருக்காக. ஒத்தையில கப்பலுக்குப் போறாக."

மறுமுனையில் மூச்சு வாங்கியது. "கெளம்பிட்டாளா?"

"இன்னும் இல்லைய்யா."

"நான் வர்ற வரைக்கும் வண்டியில ஏத்திராதீக. இந்தா வாரேன்." போன் கட்டானது.

அந்தக் குரலின் வேகத்தில் முத்திருளன் வாசலிலேயே நின்றுவிட்டார். சொல்லியிருக்கக் கூடாதோ? அடிதடி ஆகிவிட்டால்? உள்ளே வந்து டீயை நீட்டினார்.

"இந்த நாலு நாளா நீங்கதாண்ணே எனக்குத் தைரியம்" என்று சொல்லி வாங்கிக்கொண்டாள் நாகஜோதி. அவர் தன் டீயைத் தொடாமல் மேஜையில் வைத்தார்.

மூன்று முப்பத்தைந்துக்கு லேபிலிருந்து ரிப்போர்ட் வந்தது. இரண்டு பேரும் ஒரே போனில் குனிந்து படித்தார்கள். நெகட்டிவ். அவள் மாஸ்க்கோடு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கொச்சிக்கு அனுப்பிய ஐந்தாவது நிமிஷம் அனுமதியும் வந்துவிட்டது.

அவள் பையைத் தூக்கினாள். "வாரேண்ணே."

"ஒரு... ஒரு கையெழுத்து பாக்கிம்மா. உக்காருங்க."

எந்தத் தாளில் என்று அவர் மேஜையைத் துழாவிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு டிவிஎஸ் வண்டி வந்து நின்றது. ஸ்டாண்டு போடக்கூட நிற்காமல், வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒருவர் படியேறினார். ஆறடி உயரம். சட்டையெல்லாம் வேர்வை.

"எங்கய்யா எம் மருமக?"

முத்திருளன் குறுக்கே போய் நின்றார். "ஐயா, கோவப்படாதீக. பொம்பளப்பிள்ளை. எதுன்னாலும் வீட்டுல வச்சுப் பேசிக்கலாம்."

நல்லகாமன் அவரைப் பொருட்படுத்தவே இல்லை. ஒரு கையால் விலக்கிவிட்டு, கக்கத்திலிருந்த பையை எடுத்து நாகஜோதியின் கையில் திணித்தார்.

"தீபாவளிச் சட்டை, ஆத்தா. பட்டன் வைக்க இம்புட்டு நேரம் பண்ணிப்பிட்டான் டெய்லரு. எங்க நீ கெளம்பிருவியோன்னு உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு வாரேன்."

பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது ஓர் ஆம்பிளைச் சட்டை. முத்திருளனுக்கு ஒன்றும் ஓடவில்லை.

"ஐயா... யாருக்கு இது?"

"எம் மகனுக்குத்தேன். அந்தக் கப்பல்ல சமையக்காரன். பதினாலு மாசமா கொரோனா கொரோனான்னு கரையில காலு வைக்க விடல!"

"மெதுவா மாமா. கம்பெனிக்குத் தெரிஞ்சா பேரை அடிச்சிருவாக" என்று வாசலைப் பார்த்தாள் நாகஜோதி. அப்புறம் முத்திருளனிடம் திரும்பினாள்.

"பொண்டாட்டின்னா ஏத்த மாட்டாகளாம்ணே. டிக்கெட் எடுத்தா ஏத்துவாகளாம்."