கன்னத்தில் ஒரு பேரம்

ஒரு கன்னத்தில் அங்கம்மா என்கிற நல்ல கிருமி, எண்ணெய்ப் பசையைத் தின்று பிள்ளைகுட்டிகளோடு பிழைத்து வந்தாள். ஒருநாள் டப்பாவிலிருந்து கற்றாழைப் பூச்சு வழுக்கிக்கொண்டு வந்து இறங்கியது.

"நான் சுத்த மூலிகை. கிருமிகள் எல்லாம் கன்னத்தைக் காலி பண்ணுங்க."

அங்கம்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "வயித்துல எங்க பெரியப்பா குடும்பம் மோர்ல பிழைக்குது. அவங்களை யாராவது விரட்டுறாங்களா? எங்களுக்குப் பாதிக் கன்னமாவது விடுங்க."

"ஒரு ஓரம்கூடக் கிடையாது."

"அப்ப நாங்க வர்றோம்," என்று அங்கம்மா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கழுத்துப் பக்கம் நடந்தாள். அங்கே பிழைக்க வழியில்லை என்று தெரியும். அதை முகத்தில் காட்டவில்லை.

காலியான இடத்தில் பருக் கிருமிகள் வந்து பாய் விரித்தன. ஒன்று, பூச்சின் மேலேயே கால் நீட்டிப் படுத்தது.

"அக்கா, நில்லுங்க. பாதிக் கன்னம் எடுத்துக்கோங்க," என்றது பூச்சு.

மூத்த மகள் நின்றாள். "அம்மா, அதான் குடுக்குறாங்களே."

"திரும்பாதடி. மெதுவா நட."

"அக்கா, முழுக் கன்னமும் உங்களுக்குத்தான்."

"இன்னும் நாலு எட்டு வை," என்றாள் அங்கம்மா. "மூக்கு பாக்கி இருக்கு."