ஏழாவது வீட்டு வாசல்

கைத்தொழில் கண்காட்சியில் பூத்தையல், சிரட்டைக் கரண்டி, பனையோலைப் பெட்டி என்று வரிசையாகப் பார்த்துவந்த நடுவர், ஓவர்சியர் சுந்தரராஜ், கடைசி மேசையில் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்தினார்.

"இந்தக் குப்பையை ஆருடே உள்ளே விட்டது?"

"நான்தான் ஐயா கொண்டு வந்தேன்," என்றாள் பூங்கனி. "கல்மடைத் தெரு. இடிச்ச பொறவு கெடந்ததைப் பெறக்கிச் செஞ்சது."

மேசைமேல் ஒரு தெருவே சின்னதாக நின்றது. உடைந்த ஓட்டுச்சில் கூரை. மண்ணெண்ணெய்த் தகரம் கதவு. வீட்டுக்கு வீடு சீசாத்துண்டில் ஜன்னல்.

பஸ் போக அந்தத் தெருவை இடித்திருந்தார்கள். அங்கே இருந்தவர்கள் இப்போது பட்டணத்துக்கு வெளியே, ஓலை மறைப்பில். மாற்று நிலம் கேட்ட மனு தள்ளுபடியாகிவிட்டது. 'குப்பைமேடு. வீடுகள் இல்லை' என்று இடிக்குமுன் அளந்து அறிக்கை எழுதியிருந்தவர் சுந்தரராஜ். அரை அங்குலம் பிசகினாலும் சோறு இறங்காத மனிதர். மேலிடம் அவசரப்பட்ட அந்த ஒருநாள் மட்டும் நன்றாகவே இறங்கியது.

தாசில்தார் சிவதாணு பிள்ளை அருகில் வந்தார். "அசலைப் போலவே இருக்குமோ, ஓவர்சியர்?"

சுந்தரராஜ் குனிந்து பார்த்தார். பிழை ஒன்று கண்ணில் பட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏட்டி, ஏழாவது வீட்டுக்கு வாசல் கிழக்கேயா? வடக்கேயில்லா!"

"அப்படியா ஐயா?"

"நான் சங்கிலி பிடிச்சு அளந்த தெரு. எனக்கா தெரியாது? பரவாயில்லை, மத்ததெல்லாம் அச்சு அசல். உனக்கு ஒரு பரிசு உண்டு."

"பரிசு வேண்டாம் ஐயா. இப்பம் சொன்னதை எழுதித் தாருங்க, போதும்."

பரிசை வேண்டாமென்று தம் எழுத்தைக் கேட்ட முதல் ஆள். சுந்தரராஜ் உருகிப்போனார். 'கல்மடைத் தெருவின் இருபத்துமூன்று வீடுகளும் உள்ளது உள்ளபடி. ஏழாவது வீட்டு வாசல் மட்டும் வடக்கு நோக்கியது. நேரில் அளந்து அறிவேன்.' தேதியும் போட்டு, கையெழுத்தைச் சற்றுப் பெரிதாகவே போட்டார்.

பூங்கனி அதை வாங்கி, மை காயும்வரை ஊதி, தாசில்தாரிடம் நீட்டினாள்.

"எங்க மனுவோட இதையும் சேத்துக்கிடணும் ஐயா."

சிவதாணு பிள்ளை படித்தார். பிறகு ஓவர்சியரைப் பார்த்தார். மறுபடியும் படித்தார்.

சுந்தரராஜ் குறுக்கே புகுந்தார். "வாசல் எந்தப் பக்கம்னே தெரியாதவ... இவ சொல்லை நம்பி..."

"ஏழாவது வீடு எனக்க வீடு ஐயா," என்றாள் பூங்கனி. "வாசலை நான் மறக்கல்ல. நீங்க மறந்துட்டீங்களான்னு பாத்தேன்."