கூண்டின் பின்னறை

எஸ்டேட் லைன் வீடுகளில் நாய்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனதும், சிறுத்தையைப் பிடிக்க வனத்துறை ஒரு கூண்டைத் தேயிலைக்கு நடுவே இறக்கியது. அதன் பின்பக்கம், இரையாகக் கட்டும் ஆட்டுக்கென்று ஒரு சிறு அறை இருந்தது. முதலில் லைனில் இருந்த ராக்காயியின் கிடாவைக் கட்டினார்கள். சிறுத்தை கூண்டைச் சுற்றிவந்துவிட்டுப் போய்விட்டது. காலையில் கிடா உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் செத்துக் கிடந்தது. இன்று சலோமியின் சினை ஆட்டைக் கேட்டு வந்திருந்தார்கள்.

"நடுவுல கம்பி இருக்குல்லம்மா. ஆட்டுக்கு ஒண்ணும் ஆகாது," என்றார் ரேஞ்சர்.

"ஒண்ணும் ஆகாதா?"

"நான் பொறுப்பு."

சலோமி ஆட்டை வீட்டுக்குள் விட்டுப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நேராகக் கூண்டுக்கு நடந்து, குனிந்து, அந்தப் பின்னறைக்குள் போய் உட்கார்ந்தாள். கிடா போட்ட புழுக்கை இன்னும் அங்கே கிடந்தது. உள்ளிருந்து பார்க்கையில் வெளியே நிற்பவர்களுக்கு முகம் இல்லை, பூட்சுகள்தான் தெரிந்தன. ஒன்றும் ஆகாது என்று தன்னிடம் இதுவரை சொன்னவர்கள் எல்லோரும் இப்படி வெளியேதான் நின்றிருந்தார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

"வெளிய வாம்மா, இருட்டப்போகுது."

"அதான் ஒண்ணும் ஆகாதுன்னீங்களே சார். கதவச் சாத்துங்க."

ஓரமாக நின்ற ராக்காயி சிரித்துவிட்டாள். யாரும் கதவைத் தொடவில்லை. சலோமி தேயிலைச் சரிவின் பக்கம் திரும்பி, அடிவயிற்றிலிருந்து ஆடுபோலக் கத்தினாள். குரைக்க நாய்கள் இல்லாத அந்த மலையில் குரல் வெகுதூரம் போயிற்று. முதலில் பின்வாங்கியவை ரேஞ்சரின் பூட்சுகள். அவள் இன்னொருமுறை கத்தினாள்.