ஆமை அப்பா படித்த புலிக் கதை

ஆமை அப்பா தினமும் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் புத்தகம் படித்துக் காட்டும். ரயில் நிலைய அறிவிப்பு போல ஒரே குரலில் படிக்கும். பிள்ளைகள் இரண்டும் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு, உள்ளே இருந்தபடியே "உம்" கொட்டும்.

ஒருநாள் அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. புலி பேசும் இடத்தில் புலி மாதிரியே உறுமியது. இரண்டு தலைகளும் சட்டென்று வெளியே வந்தன. புதருக்குள்ளிருந்து ஒரு நிஜப் புலியும் வந்தது.

"யாருடா என்னைக் கூப்பிட்டது?"

அப்பா புத்தகத்தைத் தூக்கிக் காட்டியது. "கதைங்க. பிள்ளைங்களுக்குப் படிக்கிறேன்."

"சரி, படிச்சு முடி. அப்புறம் உங்களைச் சாப்பிடறேன்" என்று புலி பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

கதை முடிந்துவிடக் கூடாதே என்று அப்பா இல்லாததையெல்லாம் சேர்த்துப் படித்தது. கதைப் புலி குளித்தது, துணி காயப்போட்டது, அத்தை வீட்டுக்குப் போய்வந்தது.

சின்ன ஆமைக்குப் பொறுக்கவில்லை. "அப்பா, இதெல்லாம் புத்தகத்துல இல்ல. புலி ஆமையைக் கடிக்கும், பல்லெல்லாம் கொட்டிப் போயிடும். உனக்குத் தூக்கம் வந்தா அந்தப் பக்கத்தை நீ எப்பவும் விட்டுட்டுப் படிப்ப."

புலி புத்தகத்தை வாங்கிப் பார்த்தது. படத்தில் ஒரு பொக்கைவாய்ப் புலி இருந்தது. நிஜப் புலி வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டது.

மறுநாள் சாயங்காலம் அது தன் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு வந்து, வாயைப் பொத்தியபடி தள்ளியே நின்றது.

"வீட்ல குட்டிங்களுக்கு நானே ஒரு புலிக் கதை படிச்சுப் பார்த்தேன் சார். புலி பேசற இடம் மட்டும் உங்க அளவுக்கு வரல."