கைக்குக் கை

நகம் உடைந்ததுதான் மிச்சம். கத்தி திறக்கவில்லை.

புது மடக்குக் கத்தி. கீலில் அத்தனை இறுக்கம்.

அவர் அதை வாங்கியதே ஏச்சு வாங்கத்தான். வீட்டில் அரிவாள்மனை இருக்க, காய் நறுக்கக் கத்திகள் இரண்டு இருக்க, இந்த மனிதருக்கு எதற்கு மடக்குக் கத்தி? மனைவி கேட்பாள் என்று விலைச் சீட்டைக்கூடக் கிழிக்காமல் காலையிலேயே மேசையில் வைத்துப் பார்த்தார்.

அவள் கேட்கவில்லை.

மகன் காய்ச்சல் என்றுதான் படுத்தான். இருபத்திரண்டு வயது. கொள்ளி வைத்துவிட்டு இவர் வந்து வாசலில் நின்ற அன்றைக்கு மூடியது அவள் வாய். இன்றோடு நாற்பத்தொரு நாள்.

அதற்கு முன் அந்த வாய் சும்மா இருந்ததா? காலை ஏழுக்கு அவள் புருஷனைத் திட்டத் தொடங்கினால்தான் லைன் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்.

“அந்தக்கா சத்தமில்லாம எனக்குப் பால் பொங்குறதே தெரிய மாட்டேங்குது” என்று எதிர்வீட்டு தெய்வானை எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். மற்றவர்களுக்கும் அதே குறைதான். வெளியில் சொல்லவில்லை.

தலைக்குத் தேய்க்க அவள் காய்ச்சி வைத்திருந்த எண்ணெயை எடுத்தார். அதில் அடுத்தவர் விரல் பட்டால் வீடு இரண்டாகும். கீலில் இரண்டு சொட்டு விட்டார். மூன்றாவதை வேண்டுமென்றே தரையில் விட்டார்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் பார்த்தாள்.

குனிந்துகொண்டாள்.

கீலின் திருகாணியைக் கால் சுற்றுத் தளர்த்தினார். திறந்தது. திறந்து, மடக்கி, திறந்து, மடக்கி. முப்பது தடவை, ஐம்பது தடவை. கீலிலிருந்து கறுப்பாய் எண்ணெய் கசிந்தது. அலகு இப்போது பல் ஆடுவதுபோல் ஆடியது. இறுக்கினார். மறுபடி முறுக்கிக்கொண்டது. ஒரு மயிரிழை விட்டுக்கொடுத்தார். கறுத்த விரல்களை வேட்டியிலேயே துடைத்தார்.

வெள்ளை வேட்டி.

முன்பெல்லாம் மின்விசிறியோ கடிகாரமோ, எதைக் கழற்றி மாட்டினாலும் இவர் கையில் ஏதாவது மிஞ்சும்.

“இந்த மனுசனப் பெத்தப்பவே நாலு திருகு மிஞ்சியிருக்கும். எங்க அத்தை சொல்லாம விட்டுட்டாங்க” என்பாள்.

லைனே சிரிக்கும். மகன்தான் அதிகம் சிரிப்பான்.

டப்பாவில் கிடந்த ஏதோ ஒரு திருகை எடுத்து, அவள் கண்படும் இடத்தில் வைத்தார்.

அவள் முறத்தைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள். அவ்வளவுதான்.

கத்தி பழகிவிட்டது. கட்டைவிரல் தள்ளினால் போதும், வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. இனிச் சரிசெய்ய அதில் ஒன்றும் இல்லை.

எழுந்து அவளிடம் போனார்.

கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். இருபத்தைந்து வருடமாக அந்த வீட்டில் ஒருவர் கீழே வைத்து, மற்றவர் எடுப்பதுதான் வழக்கம். அவள் போட்ட சட்டம். அப்படியும் சண்டைக்குப் பஞ்சம் இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

அவர் கீழே வைக்கவில்லை.

பிடியை அவள் பக்கம் திருப்பி நீட்டினார்.

அவள் கத்தியைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

முந்தானையில் விரல்களைத் துடைத்துக்கொண்டு, நேராக அவர் கையிலிருந்து வாங்கினாள்.

இருவரும் சண்டைக்குக் காத்திருந்தார்கள்.

எதிர்வீட்டில் தெய்வானை மிக்ஸியை நிறுத்தினாள்.