ஆயிரத்துப் பன்னிரண்டாம் வரி

என் இரண்டு கண்ணின் மேல் ஆணை. இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

அவன் மவுஸின் சக்கரத்தை மெல்ல உருட்டினான்.

ஆயிரத்துப் பத்து. ஆயிரத்துப் பதினொன்று.

ஆயிரத்துப் பன்னிரண்டாம் வரி திரையின் உச்சியைத் தொட்டதும், பக்கம் விருட்டென்று திரும்பி ஓடித் தொள்ளாயிரத்தில் போய் நின்றது. சந்தைக்கு இழுத்துப்போகிற ஆடு வீட்டைப் பார்த்து ஓடுமே, அப்படி.

நாற்பத்தொரு முறை உருட்டினான். நாற்பத்தொரு முறையும் ஓடியது. நான் கூட்டிச் சொல்பவனில்லை.

காலையில் அதை ஓட வைக்கப் பதினேழு படிகள் தேவைப்பட்டன. எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். கோப்பை வெட்டிப் பார்த்தான். செருப்பைக் கழற்றிவிட்டும் பார்த்தான். வேண்டாததைக் கழித்துக் கழித்து மூன்றுக்குக் கொண்டுவந்தான்.

கோப்பைத் திற. எடிட்டரைப் பாதித் திரைக்குச் சுருக்கு. உருட்டு.

செருப்புக்குச் சம்பந்தமில்லை.

கணினியில் எழுதித் திருத்த உதவும் எடிட்டர் மென்பொருளைத் தயாரிக்கும் அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கண்டால் பிரமை. இருவர் கண்டால்தான் பிழை.

பிழை தேடுவதே வேலையான அவன் கண்ட இரண்டு பிழைகள் ஏற்கெனவே சாட்சியில்லாமல் பிரமையாகிவிட்டன. மூன்றாவதும் அப்படிப் போனால் வேலை இல்லை என்று மேலாளர் பெனடிக்டா மேடம் சொல்லியிருந்தார்.

பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டான்.

“அண்ணே, ஒரு நிமிஷம் வாங்களேன்.”

எடிட்டரில் பக்கத்தை உருட்டும் ஸ்க்ரோல் பகுதிக்கு நிரல் எழுதியவரே அவர்தான். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார்.

பக்கம் ஓடியது.

“ஆத்தாடி! பட்டப்பகல்ல ஓடுதே!”

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“நீ போய்ச் சாப்ட்டு வா தம்பி. அது எங்க போயிரப் போவுது? மேடம் வந்தா நான் சொல்றேன்.”

டப்பாவைத் திறந்து, பொரித்த மீனில் பெரிய துண்டை அவர் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

இருபது நிமிடம்.

திரும்பி வந்தபோது மேடம் கைகட்டி நின்றிருந்தார்.

அவன் உட்கார்ந்தான். நாற்காலி சூடாக இருந்தது.

கோப்பைத் திறந்தான். சுருக்கினான். உருட்டினான்.

ஆயிரத்துப் பன்னிரண்டு.

ஆயிரத்துப் பதின்மூன்று.

ஆயிரத்துப் பதினான்கு.

பிரார்த்தனைக்குப் போகும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி, வரிகள் அவ்வளவு ஒழுங்காகப் போயின.

“அண்ணன் பார்த்தாங்க மேடம். இப்பத்தான். இங்கேயே நின்னு பார்த்தாங்க.”

மேடம் பக்கத்து மேசைப் பக்கம் திரும்பினார்.

அவர் வாயில் மீன். முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார்.

“இல்லையே மேடம். நான் ஒண்ணும் பாக்கலையே.”

அவன் அவர் மேசையில் மிச்சமிருந்த மீன் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை அவன் மேசை காலியாகக் கிடந்தது.

பக்கத்து மேசை என்னுடையது.